ஓடப் பழகும்போதே மெடிக்கலுக்கும் தயாராகுங்கள்

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து, லக்னோவில் பயிற்சி முடித்து, பென்ஷன் வாங்கும் வரைக்கும் அந்த வேலையைத்தான் பார்த்தேன். அதில் ஆள்சேர்ப்பு முகாம்களில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்ற காலமும் உண்டு. பெயர் கூப்பிடுவது, அளவு எடுப்பது, காது பார்க்கும் கருவியை எடுத்துக் கொடுப்பது, டாக்டர் சொல்வதைப் படிவத்தில் எழுதுவது என்று எல்லாம் செய்திருக்கிறேன். இப்போது வேலூர்ப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது சாதாரணம். அதனால் முகாம் தேதி வந்துவிட்டால் பையன்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். "மாமா, மெடிக்கல்ல என்ன பார்ப்பாங்க?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

அந்தக் கேள்வி முகாமுக்குப் பத்து நாள் முன்னால்தான் வருகிறது என்பதே எனக்கு வருத்தம். விடிகாலையில் எழுந்து மாதக்கணக்கில் ஓடிப் பழகுகிற பையன், அதே உடம்பை ஒரு டாக்டரிடமும் காட்டியிருக்க மாட்டான். ஓட்டத்தில் முதல் வரிசையில் வந்து, மறுநாள் மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று கேட்டுத் தலை குனிந்து போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு இருந்தது ஆறு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் சரிசெய்திருக்கக்கூடிய குறை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். 2023 முதல் அக்னிவீர் ஆள்சேர்ப்பில் கணினி வழி எழுத்துத் தேர்வுதான் முதலில். அதில் தேறினால் கிரவுண்டு. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு 60 மதிப்பெண், பத்து புல்-அப் எடுத்தால் 40. அப்புறம் 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், வளைந்து போகும் கட்டையின் மேல் விழாமல் நடக்க வேண்டும். பிறகு அளவு. நம் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு ஜெனரல் டியூட்டி, அதாவது சாதாரணப் படைவீரர் பணி என்றால் உயரம் 166 சென்டிமீட்டர், மார்பு 77 சென்டிமீட்டர், மூச்சிழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். கிளார்க் பணிக்கு உயரம் 162 போதும். இதெல்லாம் தாண்டிய பிறகுதான் மெடிக்கல். ஓட்டத்துக்கான நேரம், மதிப்பெண் போன்றவை அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறும். அந்த வருடத்து அறிவிக்கையை ஜாயின் இந்தியன் ஆர்மி இணையதளத்தில் எடுத்து நீங்களே ஒரு வரி விடாமல் படியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்தபோது இருந்த கணக்கை நம்பிப் போகாதீர்கள்.

மார்பளவில் தோற்பவர்களைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். டேப்பைச் சுற்றியதும் பையன் பயத்தில் நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த அளவு 81 என்று பதிவாகும். அடுத்து "மூச்சிழு" என்றால் இழுப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. 83-இல் நின்றுவிடும். விரிவு 2 தான். அதே பையனைச் சாதாரணமாக நிற்கவைத்து, மூச்சை முழுவதும் வெளியே விடச் சொல்லி அளந்தால் 77 அல்லது 78 வரும், அங்கிருந்து 5 தாராளமாக விரியும். வீட்டில் ஒரு தையல் டேப் வாங்கி, முலைக்காம்பு மட்டத்தில் சுற்றி, மூச்சை விட்டு ஒன்று, இழுத்து ஒன்று என்று தினமும் அளந்து பாருங்கள். ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

மெடிக்கல் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று பெற்றோர் கோபப்படுவது உண்டு. "பையன் நல்லாத்தானே இருக்கான், நாலு மூட்டை நெல்லை அசால்ட்டா தூக்குறான்" என்பார்கள். உண்மைதான். ஆனால் லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சியாச்சினில் 5,000 மீட்டருக்கு மேலேயும் நம் ஆட்கள் நிற்கிறார்கள். அங்கே ஒருவனுக்குப் பல்லில் சீழ் பிடித்தால் பல் டாக்டர் கிடையாது. வானிலை சரியாக இருந்தால்தான் ஹெலிகாப்டர் வரும். குடலிறக்கம் இருப்பவன் பளு தூக்கும்போது குடல் மாட்டிக்கொண்டால் சில மணி நேரத்தில் ஆபரேஷன் ஆக வேண்டும். அவனைக் கீழே கொண்டுவர நாலு பேர் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். பனி முகட்டில் வேலை பார்த்தபோது இதை நேரில் பார்த்தவன் என்பதால், தகுதி விதிகளைத் தளர்த்த வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. விதியை முன்கூட்டியே பையன்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ராணுவத்தில் உடல் தகுதியை 'ஷேப்' (SHAPE) என்ற ஐந்து ஆங்கில எழுத்தில் குறிப்பார்கள். மனநலம், கேட்கும் திறன், கை கால், பொதுவான உடல் வலு, பார்வை ஆகிய ஐந்தும் அதில் அடக்கம். ஐந்திலும் குறையில்லாதவன் ஷேப்-1. புதிதாகச் சேர்கிறவன் அந்த நிலையில்தான் உள்ளே போக வேண்டும். சேர்ந்த பிறகு காயமோ நோயோ வந்தால் வகை மாறும், அது வேறு விஷயம்.

காதிலிருந்து தொடங்குகிறேன். காது விஷயத்தில் ஏமாறுவது சுலபம். காதில் குறும்பி அடைத்திருந்தால் டாக்டருக்குச் செவிப்பறை தெரியாது. தெரியாத ஒன்றை நன்றாக இருக்கிறது என்று அவர் எப்படி எழுதுவார்? 'குறும்பி' என்று எழுதி நிறுத்திவைப்பார். பையன் என்ன செய்வான் என்றால், முகாமுக்கு முந்தின ராத்திரி பட்ஸை விட்டுக் குடைவான். குறும்பி இன்னும் உள்ளே போய்ச் செவிப்பறையோடு ஒட்டிக்கொள்ளும், காதுக்குழாய் சிவந்து புண்ணாகும். காலையில் டாக்டர் பார்ப்பது புண்ணான காதை. ஒரு மாதம் முன்பே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். இளக்குவதற்குச் சொட்டு மருந்து தருவார், சில நாள் கழித்துச் சுத்தம் செய்வார். அப்போதே செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்த பையன்களுக்கு இது கட்டாயம். ஓட்டை இருந்தால் ஆபரேஷன் செய்து மூடலாம். ஆனால் அது ஆறி, கேட்கும் திறனும் சரியாக இருக்கிறது என்று காட்ட நீண்ட அவகாசம் வேண்டும். ஓட்டையோடு துப்பாக்கிச் சத்தத்திலும் மலை உயரத்திலும் வேலை பார்க்க முடியாது. ஊரில் கிணற்றில் குதித்து நீந்துகிற பையன்களுக்கு இந்தச் சீழ் பிரச்சினை அடிக்கடி வருவதைப் பார்க்கிறேன். காது ஒழுகினால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

மூக்குத்தண்டு வளைந்திருக்கிறதா, தொண்டையில் டான்சில் வீங்கியிருக்கிறதா என்பதையும் அதே டாக்டரிடம் அன்றே பார்த்துக்கொள்ளலாம்.

பல்லுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அது பலருக்கும் தெரியாது. 'டென்டல் பாயின்ட்' குறைந்தது 14 வேண்டும். மேல் பல்லும் அதற்கு நேரான கீழ்ப் பல்லும் சேர்ந்து கடித்தால்தான் மதிப்பு. முன்பற்கள், கோரைப்பல், முன்கடைவாய்ப் பற்கள் ஜோடிக்கு ஒரு புள்ளி. கடைவாய்ப் பற்கள் ஜோடிக்கு இரண்டு. எல்லாப் பல்லும் இருந்தால் 22. ஆக, கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினால் இரண்டு புள்ளி போய்விடும், அதற்கு நேரான பல் நன்றாக இருந்தாலும் பயனில்லை. வலி வந்ததும் பிடுங்கிவிடுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. பட்டாளம் போக நினைக்கிற பையன் பல்லைப் பிடுங்கச் சம்மதிப்பதற்கு முன், வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். சொத்தைகளை அடைத்து, காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போங்கள். ஹான்ஸ், கூல் லிப் மாதிரிப் புகையிலைப் பழக்கம் இருந்தால் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். சிலருக்கு வாயே சரியாகத் திறக்காது. பத்தொன்பது வயதில் அப்படி ஒரு வாயைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

அடுத்து கால். திண்ணைக்கு வருகிறவர்கள் அதிகம் பயப்படுவது தட்டைப் பாதத்துக்குத்தான். போன வருடம் ஒரு பையன் அம்மாவோடு வந்தான். யாரோ சொல்லிவிட்டார்களாம், "உனக்கு ஃப்ளாட் ஃபுட், நீ போகவே வேணாம்" என்று. அவன் அதிலிருந்து ஓடுவதையே நிறுத்தியிருந்தான். முற்றத்தில் தண்ணீரை ஊற்றிப் பாதத்தை நனைத்து சிமென்ட் தரையில் நிற்கச் சொன்னேன். பாதம் முழுக்கப் பதிந்தது. "சரி, இப்ப நுனிக்கால்ல நில்லு" என்றேன். குதிகாலைத் தூக்கியதும் பாதத்தின் உட்பக்கம் வளைவு அழகாக எழுந்து வந்தது. நுனிக்காலிலேயே முற்றத்தைச் சுற்றி ஓடச் சொன்னேன். வலியில்லாமல் ஓடினான். அந்த அம்மா, "அப்போ தப்பில்லையாண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். ராணுவ விதியே இதைத்தான் சொல்கிறது. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்ப வந்து, நுனிக்காலில் தாவவும் ஓடவும் முடிந்து, பாதம் வலியில்லாமல் நெகிழ்வாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். நுனிக்காலில் நின்றாலும் வளைவு வராத விறைத்த பாதம்தான் பிரச்சினை. மார்ச் செய்யும்போதும் சுமை தூக்கி மலை ஏறும்போதும் அது தாங்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்களோ தெரியவில்லை.

முட்டி இடிப்பது அப்படி இல்லை. இரண்டு முட்டியையும் லேசாக ஒட்டவைத்து நேராக நில்லுங்கள். கணுக்காலின் உட்பக்க எலும்புகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் ஆண்களுக்கு அன்ஃபிட். தொடை பருமனாக இருப்பவர்களுக்கு எடை குறைந்தால் இந்த இடைவெளி கொஞ்சம் குறையலாம். ஆனால் எலும்பே வளைந்திருந்தால், வளர்ச்சி நின்ற பிறகு எந்த உடற்பயிற்சியும் அதை நிமிர்த்தாது. முட்டிக்கு நடுவே தலையணை வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கு, மரக்கட்டையை வைத்து அழுத்து என்று கைபேசி வீடியோக்களில் சொல்வதைச் செய்து வலியோடு வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். வளர்கிற வயதில், அதாவது பத்துப் பன்னிரண்டு வயதில் எலும்பு டாக்டரிடம் காட்டினால் வழி இருக்கிறது. வைட்டமின் டி குறைவா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எலும்பின் வளர்ச்சித் தட்டில் சின்னத் தகடு வைத்து, வளர வளர நேராக்கிவிடுவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முட்டி இடித்தால் "போகப் போகச் சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள் என்று பெற்றோரைத்தான் கேட்டுக்கொள்வேன்.

முழங்கையும் அப்படித்தான். உள்ளங்கை முன்பக்கம் பார்க்கும்படி கையை நீட்டித் தொங்கவிட்டால் முன்கை சற்று வெளிப்பக்கமாக விலகும். எல்லோருக்கும் அது உண்டு. ஆண்களுக்கு 15 டிகிரிக்கு மேலும் பெண்களுக்கு 18 டிகிரிக்கு மேலும் போனால் ஆகாது. நான் அதிகம் பார்த்தது வேறு வகை. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து, எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போட்டு, கை உள்பக்கமாக வளைந்து சேர்ந்துவிட்டிருக்கும். அவனுக்கு அந்தக் கையால் எல்லா வேலையும் செய்ய வரும். ஆனால் அந்தக் கோணத்தை மறைக்க முடியாது. பிள்ளைக்கு முழங்கை முறிந்தால் எக்ஸ்ரே எடுத்துச் சேர்க்கை சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாளத்துக்கு மட்டுமில்லை, எதிர்காலத்துக்கே நல்லது.

இனி பையன்கள் வாயே திறக்காத பகுதிக்கு வருகிறேன். மெடிக்கலில் உள்ளாடையையும் கழற்றச் சொல்வார்கள். விரையைத் தொட்டுப் பார்ப்பார்கள், இருமச் சொல்லித் தொடை இடுக்கில் கை வைத்துப் பார்ப்பார்கள், குனியச் சொல்லி ஆசனவாயைப் பார்ப்பார்கள். விரைவீக்கம், விரைக்கு மேலே இரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் வெரிகோசீல், குடலிறக்கம், மூலம் ஆகியவைதான் அங்கே அகப்படுவது. எல்லாமே சிகிச்சையில் சரியாகக்கூடியவை. ஆனால் தனக்கு அது இருப்பது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பாவிடம் சொல்ல வெட்கம், அம்மாவிடம் சொல்லவே முடியாது.

ஒரு பையன் என்னிடம் ஒரு வாரமாக வந்து காது, பல், பாதம் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசி நாள் மற்றவர்கள் போன பிறகு நின்றான். "மாமா, ஒரு பக்கம் கனமா இருக்கு. நெட்டுக்கு நின்னா இழுக்குற மாதிரி வலிக்குது" என்றான். எப்போதிலிருந்து என்றேன். பத்தாவது படிக்கும்போதிலிருந்தாம். மூன்று வருடம் அந்த வலியோடு ஓடியிருக்கிறான். மறுநாள் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு நானே கூட்டிப் போனேன். இடது பக்கம் வெரிகோசீல். ஸ்கேன் எடுத்தார்கள், ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள். அந்த வருட முகாமை அவன் விட வேண்டியிருந்தது. அடுத்த வருடம் போனான், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்திருந்தான், தேறினான்.

சொல்ல வந்தது, ஆபரேஷன் செய்தவுடன் போய் நின்றால் எடுக்க மாட்டார்கள். காயம் ஆறி, தழும்பு உறுதியாகி, திரும்ப வரவில்லை என்று தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் முகாமுக்கு ஒரு வருடம் முன்னால் பார்க்கச் சொல்கிறேன். குளிக்கும்போது நின்றபடி இரண்டு விரையையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். வீக்கம், கனம், முடிச்சு முடிச்சாக ஏதாவது தட்டுப்பட்டால், அல்லது ஒரு பக்கம் விரையே இறங்காமல் இருந்தால் டாக்டரிடம் போங்கள். இறங்காத விரை குழந்தையிலேயே கவனிக்க வேண்டியது. விட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம்கூட உண்டு. ஆண் டாக்டரிடம்தான் பேச வரும் என்றால் அப்படியே கேளுங்கள், தவறில்லை. அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பேச்சை மகனிடம் நீங்களே தொடங்குங்கள். அவனாக வந்து சொல்வான் என்று காத்திருந்தால் வருடங்கள் போய்விடும்.

கண்ணில் இரண்டு விஷயம். தூரப்பார்வைக்கு ஆறு மீட்டரில் வைத்த எழுத்துப் பலகையைப் படிக்க வேண்டும். ஜெனரல் டியூட்டிக்குக் கண்ணாடியை நம்பிப் போக முடியாது. இதில் கண்ணுக்குப் பயிற்சி, சொட்டு மருந்து என்று யாராவது சொன்னால் பணத்தை வீணாக்காதீர்கள். அதிகாரி நிலைத் தேர்வில் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இடம் உண்டு. ஆனால் 20 வயதுக்கு மேல் செய்திருக்க வேண்டும், செய்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், கருவிழித் தடிமன் போன்ற அளவுகளும் சரியாக இருக்க வேண்டும். அதனால் கண் டாக்டரிடம் போகும்போது என்ன காரணத்துக்காகச் செய்துகொள்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது நிறம். புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைக் காட்டுவார்கள், அல்லது இருட்டறையில் மார்ட்டின் விளக்கை 1.5 மீட்டர் தூரத்தில் வைத்து வெள்ளை, சிவப்பு, பச்சையைச் சொல்லச் சொல்வார்கள். அந்தப் புத்தகத்தின் பக்கங்களைக் கைபேசியில் பார்த்து மனப்பாடம் செய்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் இரண்டு பக்கம் தள்ளித் திறந்தால் போதும், எண் மாறிவிடும். ஒரு பையன் கேள்வி முடிவதற்கு முன்பே பதில் சொன்னான், எல்லாம் தப்பு. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவு ஆசை அவனுக்கு. ஆனால் இரவில் வானத்தில் ஏறும் ஒளிக்குண்டு சிவப்பா பச்சையா என்பதில்தான் முன்னேறு, நில் என்ற உத்தரவே இருக்கும். அதைத் தவறாகப் படித்தால் பக்கத்தில் இருப்பவன் சாவான். சிவப்பு-பச்சை நிறக்குறை பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருவது, மருந்தால் மாறாது. கண் டாக்டரிடம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பத்தாவது முடித்ததும் பார்த்துவிட்டால், இருந்தால் வேறு பாதையை நிதானமாக யோசிக்கலாம். மூன்று வருடம் ஓடிய பிறகு தெரிய வருவது பெரிய கொடுமை.

தோல் விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் ஆளை நிறுத்திவிடும். ஓடி வியர்த்த உள்ளாடையை மாற்றாமல் இருப்பதால் தொடை இடுக்கில் படர்தாமரை வருகிறது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடும் க்ரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டவுடன் அரிப்பு நிற்கும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும். தோல் டாக்டர் தரும் மாத்திரையைச் சொன்ன காலம் முழுவதும் சாப்பிட வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். உள்ளங்கை அதிகமாக வியர்ப்பவர்களும் சிகிச்சை எடுக்க வேண்டும். படிவத்தைப் பிடித்த இடத்தில் காகிதம் நனைந்திருப்பதை வைத்தே டாக்டர் கண்டுபிடித்ததைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி பிடிக்கிற கை அது.

பச்சை குத்துவதைப் பற்றிச் சுருக்கமாக. முன்கையின் உட்பக்கம், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை அனுமதி உண்டு, புறங்கையிலும் உண்டு. தோளில், நெஞ்சில், கழுத்தில் நிரந்தரமாகக் குத்தியிருந்தால் ஆகாது. பழங்குடியினருக்கு அவர்கள் மரபுப்படி விலக்கு உண்டு. பதினாறு வயதில் திருவிழாக் கடையில் நெஞ்சில் பெயர் குத்திக்கொள்கிற பையனிடம் இதை யாராவது சொல்லிவையுங்கள்.

ரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90-க்குக் குறையவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். இருபது வயதுப் பையனுக்கு ஏன் ஏறுகிறது? ராத்திரி முழுவதும் பஸ்ஸில் வந்து, தூங்காமல், எனர்ஜி டிரிங்க் குடித்து, பயத்தோடு நிற்பதால். முகாம் நடக்கும் ஊருக்கு முதல் நாள் பகலிலேயே போய்ச் சேருங்கள். படுத்து உறங்க ஒரு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஓடுவதற்கு முன் ஊசி, மாத்திரை என்று எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள். கண்டுபிடித்தால் தகுதியிழப்புதான். அதைவிட, சில மருந்துகள் அந்த வெயிலில் ஓடும்போது இதயத்தையே நிறுத்திவிடும்.

"மெடிக்கலை நான் பாத்துக்குறேன்" என்று ஒருவன் கட்டாயம் வருவான். முகாமுக்கு வெளியே டீக்கடையில், சில சமயம் ஊருக்கே தேடி வருவான். பணம் கேட்பான், அசல் சான்றிதழைக் கேட்பான். ஆள்சேர்ப்பில் டாக்டர் முடிவை மாற்ற அவனால் முடியாது. தானாகத் தேறிய பையனைத் 'தேற்றியதாக'ச் சொல்லிப் பணத்தை வைத்துக்கொள்வான், தேறாதவனுக்கு அடுத்த முறை என்பான். அசல் சான்றிதழை எவனிடமும் கொடுக்காதீர்கள். நிலத்தை அடமானம் வைத்துக் கொடுத்துவிட்டு அழுத ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் பார்த்துவிட்டுப் போனாலும் 'அன்ஃபிட்' வரலாம். அப்போது உடைந்துபோய் ஊருக்குத் திரும்பாதீர்கள். முகாம் டாக்டர் பார்ப்பது சில நிமிடம்தான். சந்தேகம் இருந்தால் ராணுவ மருத்துவமனையில் சிறப்பு டாக்டரிடம் மறுபரிசோதனைக்கு அனுப்புவார்கள். எந்த மருத்துவமனை, எந்தத் தேதிக்குள் என்று தரும் தாளில் இருக்கும். அவகாசம் சில நாட்கள்தான். 'போனாலும் இதையேதான் சொல்வாங்க' என்று நினைத்துப் போகாமலே விட்டவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஏனென்றால் போனவர்களில் தேறி வந்தவர்களை நான் அறிவேன். எலும்பு டாக்டர் நிதானமாக அளக்கும்போது முட்டி இடைவெளி 5-க்குள் வந்த பையன் உண்டு. குறும்பியை எடுத்துவிட்டுப் போய்ச் செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கியவர்கள் நிறைய. அதிகாரி தேர்வில் இதற்கு முறையான படிகளே உண்டு. முதல் மருத்துவக் குழு நிராகரித்தால் 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டுக் குழு, அதற்கும் மேலே மறுஆய்வுக் குழு.

மறுபரிசோதனைக்குப் போகும்போது அனுமதி அட்டை, முகாமில் கொடுத்த பரிந்துரைத் தாள், ஆதார், பழைய ஆபரேஷன் இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, சமீபத்து ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே படம் எல்லாவற்றையும் அசலும் இரண்டு நகலுமாக எடுத்துப் போங்கள். வெளியே நல்ல சிறப்பு டாக்டரிடம் ஒரு முறை காட்டி, அன்ஃபிட் என்று எழுதியிருக்கும் அதே குறையைப் பற்றி அவர் கருத்தை வாங்கிக்கொண்டு போனால், உள்ளே என்ன கேட்கப் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும். 'டெம்பரரி' என்று எழுதியிருந்தால் சிகிச்சை எடுத்துக் குணமாகிப் போக இடமிருக்கிறது என்று பொருள். 'பெர்மனன்ட்' என்று எழுதியிருந்தால் என்ன குறை என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். உயரம் நாலு சென்டிமீட்டர் குறைவதால் போன பையன் கிளார்க் பிரிவில் எழுதலாம், படிப்பும் அதற்குத் தக இருந்தால். நிறக்குறை என்றால் மற்றச் சீருடைப் பணிகளுக்கான அறிவிக்கையிலும் அந்த வரியை முதலில் தேடிப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பம் போட வேண்டும்.